முட்டை ஓடு போட்டால் தக்காளி அழுகாதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வரியில் முடிகின்றன: "இது உண்மைதானா டீச்சர்?" அதனால் இந்தத் தடவைப் பக்கங்களை முழுக்க அந்தக் கேள்விக்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். 31 வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தினேன். 24 வருடமாகத் தோட்டம் போடுகிறேன், எல்லாமே இயற்கை முறையில். எந்தத் தொட்டிக்கு என்ன போட்டேன், எந்தத் தேதியில் போட்டேன், என்ன ஆனது என்று எழுதிவைக்கும் நோட்டு இப்போது ஏழாவது ஓடுகிறது. இயற்கைத் தோட்டத்தின் மேல் எனக்கு அத்தனை மதிப்பு இருப்பதால்தான் அதன் பெயரில் சுற்றிவரும் தவறான தகவல்களைப் பார்த்துச் சும்மா இருக்க முடிவதில்லை.

"டீச்சர், என் தக்காளிக் காய்களின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல அமுங்கிப் போகிறது. கால்சியம் குறைவு என்றார்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன். எப்சம் உப்பும் கரைத்து ஊற்றினேன். மூன்று வாரம் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை."

முதலில் எப்சம் உப்பை நிறுத்துங்கள். இன்றைக்கே.

உங்களிடம் சொன்னவர்கள் சொன்னது பாதி சரி. அடி கறுத்த காயில் கால்சியம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் மண்ணில் அந்தக் குறை கிடையாது. மண்ணில் இருக்கிற கால்சியம் காயின் நுனிவரை போய்ச் சேராததுதான் பிரச்சினை.

கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். இலைகள் நாள் முழுக்க நீராவியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன, அதனால் தண்ணீரும் கால்சியமும் அந்தப் பக்கம்தான் அதிகம் போகும். வழவழப்பான தோல் மூடிய காயில் நீராவிப்போக்கு மிகக் குறைவு. இலைக்குப் போன கால்சியம் திரும்பிக் காய்க்கு வருவதும் இல்லை. இந்த நிலையில் இரண்டு நாள் மண் காய்ந்து, மூன்றாம் நாள் குடம் குடமாய் ஊற்றினால் வேகமாகப் பெருக்கிற காயின் கடைக்கோடிக்குத் தேவையானது தேவையான நேரத்தில் கிடைக்காது. அந்தத் திசு செத்துக் கறுக்கும். இது பூஞ்சண நோய் இல்லை, செடிக்குச் செடி தொற்றாது.

முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்கிவிடுவது போலத்தான் இதுவும், லேசில் கரையாது. அமில மண்ணில், மாவு போல அரைத்துப் போட்டால் மாதக்கணக்கில் மெல்லக் கரையும். கையால் நொறுக்கிய துண்டுகள் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அகழாய்வுக் குழிகளில் நூற்றாண்டுகள் கடந்த முட்டை ஓட்டுச் சில்லுகள் கிடைக்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு தொட்டியில் போட்டு, அடுத்த வருடம் மண்ணைக் கொட்டிப் பார்த்தேன். உட்புறச் சவ்வு மட்டும் மக்கியிருந்தது. சில்லுகள் விரலைக் கீறும் கூர்மையோடு இருந்தன.

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட், அதில் கால்சியம் துளியும் கிடையாது. வேர் உறிஞ்சும்போது மெக்னீசியமும் கால்சியமும் ஒன்றோடொன்று போட்டி போடும். நீங்கள் மெக்னீசியத்தைக் கூட்டினால் கால்சியம் இன்னும் பின்னால் தள்ளப்படும். கீழ் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, நடுவில் உள்ள இடமெல்லாம் மஞ்சளானால் அப்போது எப்சம் உப்பைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் மண் பரிசோதனைக்குப் பிறகு.

சரி, செய்ய வேண்டியது என்ன? கறுத்த காய்களைக் கிள்ளிவிடுங்கள். மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும்படி தண்ணீர் விடுங்கள். சிறிய தொட்டியாக இருந்தால் வெயில் நாளில் ஈரத்தைக் காப்பது கடினம், ஒரு தக்காளிச் செடிக்கு 20 லிட்டர் மண்ணாவது வேண்டும். தழைச்சத்தையும் (நைட்ரஜன்) அள்ளிப் போடாதீர்கள். இலை கொழிக்கக் கொழிக்கக் காய்க்கு வரும் பங்கு குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த அழுகல் பெரும்பாலும் முதல் ஈட்டுக் காய்களைத்தான் பிடிக்கும். வேர் நன்றாகப் பரவியதும் அடுத்து வரும் காய்களில் தானாகவே குறைந்துவிடும். அந்த நேரத்தில் முட்டை ஓடு போட்டவர் முட்டை ஓட்டால்தான் குணமானது என்று நம்புவார். அந்தக் கதை வளர்ந்தது இப்படித்தான்.

"தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது சரியா?"

தவறு. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். கொஞ்சம் சொட்டி நின்றுவிடும். அதையே நிமிர்த்திப் பிடித்தால் மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான். மண்ணின் உயரம் கூடினால் வடிவது கூடும், உயரம் எவ்வளவு இருந்தாலும் அடியில் ஓர் ஈரப் பட்டை தங்கியே தீரும். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுதாக நனைந்து ததும்பிய பிறகுதான் இறங்கும். ஆக, ஜல்லி போட்டால் அந்த ஈரப் பட்டை மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும். மண் வெளியே போகாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரு துண்டு வலை போதும்.

"எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். அதனால் ரசாயன மருந்தே வாங்குவதில்லை. அசுவினிப் பூச்சிக்குப் புகையிலையை ஊறவைத்துத் தெளிக்கிறேன். இயற்கை என்பதால் பயமில்லைதானே அம்மா?"

பயம் இருக்கிறது அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

புகையிலைச் சாற்றில் பூச்சியைக் கொல்வது நிகோட்டின். அது மனிதருக்கும் நஞ்சு, தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஈரமான புகையிலை இலைகளைக் கையால் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவதற்கு இதுதான் காரணம். அதற்குத் தனி நோய்ப்பெயரே உண்டு. வீட்டில் ஊறவைக்கும்போது எவ்வளவு நிகோட்டின் இறங்கியது என்று அளக்க வழியில்லை. இன்றைக்கு நீர்த்தும் நாளைக்குக் கெட்டியாகவும் இருக்கும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்த பாட்டிலே இருக்கக் கூடாது. போதாததற்கு, காய்ந்த புகையிலையில்கூட மொசைக் வைரஸ் பல வருடம் உயிர்ப்போடு இருக்கும். அதே கையோடு தக்காளியையும் மிளகாயையும் தொட்டால் அவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இயற்கையில் கிடைப்பது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது! டெர்ரிஸ் என்ற கொடியின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் இயற்கைத் தோட்டக்காரர்களின் அலமாரியில் வெகுகாலம் இருந்தது. அதை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது பார்க்கின்சன் நோயை ஒத்த பாதிப்பு வந்ததாக 2000ல் ஓர் ஆய்வு வெளியானது. மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை 1885ல் பிரான்சில் அறிவிக்கப்பட்டது, இயற்கை வேளாண்மையில் இன்றும் அனுமதி உண்டு. பூஞ்சணத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் அதில் உள்ள செம்பு மக்குவதில்லை, வருடா வருடம் மண்ணில் சேர்ந்துகொண்டே போய் மண்புழுவைப் பாதிக்கும். பைரெத்ரம் சாமந்தி வகைப் பூவிலிருந்து வருவது, வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். அது நல்ல குணம். அதே பைரெத்ரம் தேனீயையும் மீனையும் கொல்லும்.

அதனால் ஒரு மருந்து எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு போடுகிறோம், வேறு யார்மேல் படும், எத்தனை நாள் தங்கும் என்று கேளுங்கள்.

உங்கள் அசுவினிக்கு முதல் வைத்தியம் வெறும் தண்ணீர். குழாயில் வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கீழே விழுந்த அசுவினிகளில் பல திரும்பி ஏற மாட்டா. இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை செய்யுங்கள். தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால் அதைத் தடுத்தாக வேண்டும். அசுவினி விடும் இனிப்பான கழிவுக்காக எறும்புகள் அதற்குக் காவல் இருக்கும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டைக் கிட்டவே விடா.

அதற்கும் அடங்காவிட்டால் சோப்புக் கரைசல். நான் சொல்வது செடிகளுக்கென்றே விற்கும் பொட்டாசியம் சோப்பு, லேபிளில் உள்ள அளவுப்படி. பாத்திரம் துலக்கும் திரவம் சோப்பு இல்லை, அது டிடெர்ஜென்ட். இலையின் மெழுகுப் படலத்தைக் கரைத்து இலையைக் கருக்கிவிடும். முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சோப்பு ஈரமாக இருக்கும்வரை, பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும். காய்ந்த பிறகு அதற்கு வேலையே இல்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவே அதன் சிறப்பு.

"வேப்பெண்ணெய் அடித்த மறுநாளும் பூச்சிகள் நடமாடின. வேப்பெண்ணெயும் கட்டுக்கதையா?"

இல்லை, இது உண்மை. நீங்கள் எதிர்பார்த்த வேலை வேறு, அது செய்யும் வேலை வேறு. வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. தின்பதை நிறுத்தும், இளம் பூச்சி தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். வளர்ந்த பூச்சி சில நாள் நடமாடும், அடுத்த தலைமுறை வராது. பலன் தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதையும், அதனால் மாலையில் அடியுங்கள். தண்ணீரில் கலந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். அப்புறம், பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அசாடிராக்டினைப் பிரித்து எடுத்துவிட்டு, மிச்ச எண்ணெயை மட்டும் விற்பதும் உண்டு. அதுவும் பூச்சியை மூடி மூச்சுத்திணற வைக்கும், ஆனால் நான் மேலே சொன்ன வேலையைச் செய்யாது.

"யூரியாவிலிருந்து வரும் நைட்ரஜனும் தொழுவுரத்திலிருந்து வரும் நைட்ரஜனும் செடிக்கு ஒன்றுதான் என்கிறான் என் நண்பன். அப்படியானால் நாம் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? – கல்லூரி மாணவர்"

உன் நண்பன் சொல்வது சரி தம்பி. அதை மறுத்து அவனோடு சண்டை போடாதே.

தொழுவுரத்தில் உள்ள புரதத்தைச் செடி பெரும்பாலும் அப்படியே உறிஞ்சுவதில்லை. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகுதான் வேர் எடுக்கிறது. நைட்ரேட் அயனி எங்கிருந்து வந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். செடிகள் கனிமச் சத்துகளை எடுத்தே வளர்கின்றன என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1840லேயே எழுதினார். "ரசாயன உரத்தில் வளர்ந்த செடிக்குள் ரசாயனம் இருக்கிறது" என்று நம் பக்கத்து ஆட்கள் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தண்ணீரும் ரசாயனம்தானே.

ஆனால் அவன் செடியோடு நின்றுவிட்டான். நீ மண்ணைப் பற்றிப் பேசு. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில், பிராட்பால்க் என்ற வயலில் 1843லிருந்து இன்றுவரை கோதுமை பயிரிட்டு ஒரு சோதனை நடக்கிறது. ஒரு பாத்திக்கு வருடந்தோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். சில பாத்திகளுக்கு ரசாயன உரம். ஒன்றுக்கு எதுவுமே இல்லை. நல்ல அளவில் ரசாயன உரம் போட்ட பாத்திகளின் விளைச்சல் பல காலம் தொழுவுரப் பாத்திக்கு ஈடாகவே இருந்தது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் தொழுவுரப் பாத்தியின் மண்ணில் சேர்ந்த மட்கு, அதாவது மக்கிய உயிர்ப்பொருள், எதுவும் போடாத பாத்தியைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த மட்குக்காகத்தான் நான் மெனக்கெடுகிறேன். மட்கு உள்ள மண் மழைநீரை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், வெயிலில் பாளம் பாளமாகப் பிளக்காது, காலால் மிதித்தாலும் இறுகாது. மண்புழுவுக்கும் பூஞ்சணத்துக்கும் அதுதான் தீனி. மூட்டையில் வரும் யூரியா செடிக்குச் சோறு போடும். மண்ணுக்கு அது ஒன்றும் கொண்டுவருவதில்லை.

அதற்காகத் தொழுவுரத்தை அளவில்லாமல் கொட்டலாம் என்று எடுத்துக்கொள்ளாதே. அதிகம் போட்டால் அதன் நைட்ரேட்டும் மழையில் கரைந்து நிலத்தடி நீரில்தான் போய் இறங்கும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் தேங்கும். நைட்ரேட்டுக்குத் தான் எந்த உரத்திலிருந்து வந்தோம் என்று தெரியாது.

"தொழுவுரம் புதிதாக வாங்கிப் போட்டேன். ஒரு மாதத்தில் தக்காளிக் கொழுந்துகள் பெரணி இலை போலச் சுருண்டுவிட்டன. வைரஸ் என்று சொல்லிப் பிடுங்கச் சொல்கிறார்கள்."

பிடுங்குவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். பழைய மண்ணிலேயே வளரும் தக்காளி ஏதாவது இருக்கிறதா? அது நன்றாக இருக்கிறதா? புது உரம் விழுந்த இடத்தில் மட்டும் சுருட்டல் இருந்தால், நான் பட்டது உங்களுக்கும் நடந்திருக்கலாம்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பண்ணையிலிருந்து நன்றாக மக்கிய எரு ஒரு வண்டி வாங்கினேன். கறுப்பாக, உதிரியாக, மண் வாசனையோடு இருந்தது. 18 தக்காளி நட்டேன், அத்தனையும் கொழுந்து முறுக்கிக்கொண்டன. வைரஸ் என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிட்டு அதே பாத்தியில் பீன்ஸ் போட்டேன். அதுவும் கிண்ணம் போலக் குவிந்தது. அந்தப் பாத்தியின் ஓரத்தில் தானாக முளைத்த மக்காச்சோளம் மட்டும் ஜோராக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. புல் இனத்துக்கு ஒன்றும் ஆகாமல், அகன்ற இலைச் செடிகளை மட்டும் முறுக்கும் களைக்கொல்லிகள் உண்டு.

கிளோபைராலிட், அமினோபைராலிட் என்று பெயர். மேய்ச்சல் புல்லில் அகன்ற இலைக் களையைக் கொல்ல அடிப்பார்கள். அந்தப் புல்லை மாடு தின்றால் மருந்து சிதையாமல் சாணத்திலும் கோமியத்திலும் வந்துவிடும். எருக்குழியின் சூடும் அதை முழுதாக அழிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலே தக்காளி, பீன்ஸ், பட்டாணி எல்லாம் முறுக்கிக்கொள்ளும். பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்கள் பல இப்படி வீணானதால் 2008ல் அமினோபைராலிட் விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தார்கள். எரு கொடுத்த பண்ணைக்காரருக்கே தெரிந்திருக்காது, அவர் வைக்கோலை வெளியில் வாங்கியிருப்பார்.

அன்றிலிருந்து எந்த எரு வந்தாலும் பீன்ஸ் விதைத்துப் பார்க்காமல் பாத்தியில் போடுவதில்லை. மூன்று தொட்டியில் எருவும் நல்ல மண்ணும் சரிபாதி. மூன்றில் வெறும் நல்ல மண். ஒரு குழுவில் வடியும் தண்ணீர் மற்றதில் படாமல் தள்ளிவையுங்கள். எல்லாவற்றிலும் பீன்ஸ் போட்டு மூன்று வாரம் விடுங்கள். எருத் தொட்டியில் மட்டும் இலை குவிந்தால் அந்த எரு காய்கறிக்கு ஆகாது. ஏற்கெனவே போட்டுவிட்ட மண்ணை அடிக்கடி கிளறி ஈரமாக வைத்திருங்கள், மண்ணின் நுண்ணுயிர்கள்தான் மெல்ல அதைச் சிதைக்கும். அதுவரை மக்காச்சோளம் போடலாம். அதன் தட்டையை மட்டும் எருக்குழியில் சேர்க்க வேண்டாம்.

"தக்காளிக்குப் பக்கத்தில் ஒரு செண்டுமல்லி நட்டால் எந்தப் பூச்சியும் வராதாமே?"

ஒரு செடியால் அவ்வளவு ஆகாது. செண்டுமல்லி வேரில் உள்ள ஆல்ஃபா-டெர்தியெனில் என்ற பொருள் வேர்முடிச்சு நூற்புழுவைக் கொல்லும் என்பது உண்மை. ஆனால் பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு, இரண்டு மாதம் வளரவிட்டு, அதன்பிறகு அந்த இடத்தில் தக்காளி வைத்தால்தான் பலன். வெள்ளை ஈ விஷயத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. செண்டுமல்லி விடும் லிமோனீன் வாசனை கண்ணாடிக் கூடத் தக்காளியில் வெள்ளை ஈ பெருகுவதைக் குறைத்ததாக 2019ல் ஓர் ஆய்வு வந்தது. சிவப்புச் சிலந்திக்கோ செண்டுமல்லி என்றால் விருந்து. நான் நடுகிறேன், தேனீ வருவதற்காக.

"உச்சி வெயிலில் தண்ணீர் தெளித்தால் துளிகள் பூதக்கண்ணாடி போல இலையைச் சுட்டுவிடுமா?"

வழவழப்பான இலையைச் சுடாது. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010ல் இதைக் கணக்கிட்டும் சோதித்தும் பார்த்தார்கள். இலையோடு ஒட்டிய துளியின் குவியம் இலைக்கும் கீழே போய்விடுகிறது. ரோமத்தின் மேல் துளி உயரமாக உட்காரும் சில இலைகளில் மட்டும் சுட வாய்ப்பு உண்டு. செடி மதியம் வாடி நின்றால் பயப்படாமல் வேரில் தண்ணீர் விடுங்கள்.

"பீன்ஸ் செடி பக்கத்துச் செடிக்கு நைட்ரஜன் கொடுக்குமா?"

உயிரோடு இருக்கும்போது கொடுப்பது மிகக் குறைவு. வேர்முடிச்சில் உள்ள பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கிறது என்பதை 1886ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் எடுத்துக்காட்டினார். அப்படிப் பிடித்ததைச் செடி தன் வளர்ச்சிக்கே வைத்துக்கொள்கிறது, காய்க்கும்போது விதைக்குள் ஏற்றிவிடுகிறது. காயைப் பறித்துக்கொண்டு போனால் நைட்ரஜனும் அதோடு போகும். மண்ணுக்கு வேண்டுமென்றால் பூக்கும் சமயத்தில் வெட்டி அங்கேயே மடக்கிவிடுங்கள். முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது வேலை செய்கிறது.

"வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீரைக் கட்டுக்கதை என்று எழுதினீர்கள். என் மிளகாய்ச் செடிகள் ஒரே மாதத்தில் தழைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். கண்ணால் பார்த்ததையும் நம்பக் கூடாதா?"

உங்கள் கண்ணை நம்புகிறேன். தழைத்திருக்கும். தோலிலிருந்து சாம்பல்சத்து (பொட்டாசியம்) தண்ணீரில் இறங்கும் என்பதும் சரி. நான் கேட்பது வேறு. அதே மாதத்தில், அதே வெயிலில், அதே அளவு வெறும் தண்ணீர் விட்ட மிளகாய்ச் செடி எப்படி இருந்தது? உங்களிடம் அப்படி ஒரு செடி இல்லை. இளஞ்செடி எப்படியும் ஒரு மாதத்தில் தழைக்கும். ஒரு கரைசலைத் தினமும் கொண்டுபோய் ஊற்றுகிறவர் செடியைத் தினமும் பார்ப்பார், வாடும் முன் தண்ணீர் கொடுப்பார், புழுவை எடுத்துப்போடுவார். அந்தக் கவனத்தின் பலனும் கரைசலின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

நான் எட்டுத் தொட்டியில் ஒரே நாளில், ஒரே மண்ணில் மிளகாய் நட்டேன். எதற்குத் தோல்தண்ணீர், எதற்கு வெறும் தண்ணீர் என்று காசு சுண்டி முடிவு செய்தேன், நல்ல செடியாகப் பார்த்து நானே பொறுக்கிவிடக் கூடாதே என்று. நான்குக்கு நான்கு. பத்து வாரம் காய்களை எண்ணினேன். மொத்தம் 163, 158. அதிகம் காய்த்தது வெறும் தண்ணீர் விட்ட நான்கு. இந்த வித்தியாசம் ஒன்றையும் நிரூபிக்காது, இரண்டும் சமம் என்றே எழுதிவைத்தேன். உங்கள் மண்ணில் சாம்பல்சத்து குறைவாக இருந்தால் உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். எட்டுத் தொட்டி வைத்துப் பாருங்கள், எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். தோல்தண்ணீர் ஜெயித்தால் இதே பக்கத்தில் போடுகிறேன்.

"டீச்சர், மூன்று வருடம் முன்னால் பூசணி இலையின் சாம்பல் நோய்க்குப் பால் தெளிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், வீண் என்று பதில் போட்டீர்கள். மனசு கேட்காமல் போன வருடம் தெளித்தேன். நீங்கள் சொல்வது போல இரண்டு கொடிகளுக்கு மட்டும் வெறும் தண்ணீர் அடித்தேன். பால் தெளித்த கொடிகளில் வெள்ளைப் படலம் பாதிகூட இல்லை. இப்போது என்ன சொல்கிறீர்கள்?"

நான் சொன்னது தவறு என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு தேடிப் படித்தேன். பிரேசிலில் பெட்டியோல் என்ற ஆய்வாளர் 1999ல் சுக்கினிச் செடிகளில் இதைச் சோதித்திருக்கிறார். பத்து சதவீதமும் அதற்கு மேலும் பால் கலந்த தண்ணீரை வாரந்தோறும் தெளித்த செடிகளில் சாம்பல் நோய் கட்டுப்பட்டது ரசாயன பூஞ்சணக்கொல்லிக்கு ஈடாக இருந்திருக்கிறது. நான் உங்களுக்கு வீண் என்று எழுதியபோது அந்தக் கட்டுரை வெளிவந்து பல வருடம் ஆகியிருந்தது. கேட்டதும் வீட்டு வைத்தியம் போல இருந்ததால் படித்துப் பார்க்காமலே பதில் எழுதிவிட்டேன்.

மற்றவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர். இலையின் இரண்டு பக்கமும் நனையும்படி வாரம் ஒருமுறை, வெயில் ஏறத் தொடங்கும் காலையில். முதல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே ஆரம்பிக்க வேண்டும், இலை முழுக்க மூடிய பிறகு தெளித்துப் பயனில்லை. பாலைக் கூட்டினால் நாற்றம் வரும், இலைமேல் வேறு பூஞ்சணம் படரும். சாம்பல் நோய்க்குத்தான் இது. இலைப்புள்ளிக்கும் வாடல் நோய்க்கும் முயல வேண்டாம்.

இந்த வருடம் நானும் ஆறு கொடி போட்டிருக்கிறேன். மூன்றுக்குப் பால், மூன்றுக்குத் தண்ணீர். நேற்றுதான் முதல் புள்ளி தெரிந்தது, தண்ணீர்க் கொடி ஒன்றில். உங்களுடைய மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதத்தையும் எடுத்து நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.